ருஷ்ய தேசத்துப் பங்காளிகள்

என் செல்லத் தம்பி சிதம்பரத்துக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகுமா, போகாதா என்று யாரைக் கேட்பது? போனாலும் போகாவிட்டாலும் அக்கா எழுதுகிறேன். எடுத்தவுடன் நீ பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்பாய். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பேத்தி கமலா திருச்சியில் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். போன பரீட்சையில் சரித்திரத்தில் வகுப்புக்கே முதல். "சின்னத் தாத்தா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க அம்மாச்சி?" என்று கேட்டாள். "ரெண்டாவதா வந்தது யாருன்னு கேட்டிருப்பான்" என்றேன். அவளுடைய அண்ணன் முத்தையா பட்டாளத்திலிருந்து கை கால் முழுசாகத் திரும்பிவிட்டான். பாரசீகத்து மலைப்பாதையில் ருஷ்யாக்காரர்களுக்குச் சாமான் லாரி ஓட்டினவன் இப்போது அன்னவாசலுக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் ஓட்டுகிறான். இதுவரை ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றவில்லை. என் இளைய மகளின் பையன் ஐந்தாம் வகுப்பு பாஸ். அதாவது என் படிப்பை எட்டிவிட்டான். வருகிற வருஷம் அவன் என்னைவிடப் படித்தவன்.

உன் மகன் சேதியைக் கடைசியில் வைத்தேன், நீ உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று. நீ கண்ணை மூடும்போது சுந்தரத்திடமிருந்து கடிதம் வந்து மூன்று வருஷத்துக்கு மேலாகியிருந்தது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் நீ போய்விட்டாய். தம்பி, அவன் இருக்கிறான். சயாம் காட்டில் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்களாம். எத்தனையோ பேர் போன இடத்திலிருந்து உயிரோடு திரும்பி வந்து, மறுபடியும் ரயில்வேயிலேயே வேலை பார்க்கிறான். நீ போன ஆறாம் மாசம் கடிதம் வந்தது. அதை உன் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன். உனக்குக் கேட்டதா?

இதெல்லாம் நல்ல சேதி. இனிமேல் சொல்லப்போவதும் நல்ல சேதிதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன் என்று கமலா சொல்லிவிட்டாள். அதனால் உனக்குத் தெரிந்த விஷயத்தையும் பிறத்தியாருக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நம் ஊரில் அய்யனாருக்கு மண்குதிரை தூக்கிப்போய்ப் புரவி எடுக்கிற வருஷத்தில், கண்மாயிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் பிடிமண். அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் மண்ணைப் பிசைந்து சாமிக்குக் குதிரை செய்வார். கொடுக்கிற உரிமை நம் வம்சத்துக்கு. நம் தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் நம் அப்பா, மேல வீடு. இளையவர் சித்தப்பா, கீழ வீடு. அப்பாவுக்குப் பிறகு சித்தப்பா கொடுத்தார். சித்தப்பாவுக்குப் பிறகு யார் என்பதில்தான் எல்லாம் கெட்டது. நம் அண்ணன் தனக்கு என்றார். சித்தப்பா மகன் ராமையா தனக்கு என்றான்.

இரண்டு பேரும் சமஸ்தானத்துக் கச்சேரிக்கு மனுக் கொடுத்தார்கள். இரண்டு மனுவிலும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தது: பிடிமண் உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. அண்ணன் மனுவின்படி அப்பாவிடமிருந்து அண்ணனுக்கு. ராமையா மனுவின்படி சித்தப்பாவிடமிருந்து ராமையாவுக்கு. அதிகாரி என்ன செய்வார் பாவம்? தீர்ப்பு ஆகிற வரைக்கும் இரு தரப்பாரும் பிடிமண் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். சாமிக்குக் குதிரை வேண்டும் என்று மனுப் போட்டு, சாமிக்குக் குதிரையே இல்லாமல் பண்ணிக்கொண்ட ஜனங்கள் நாம்தான். ஏழு வருஷமாக அய்யனார் பழைய குதிரைகளோடு நிற்கிறார். அதிலும் ஒன்றுக்குக் காது இல்லை.

அண்ணன் மனுவை எழுதித் தரச் சொல்லி முதலில் உன்னிடம்தான் வந்தார். நீ மாட்டேன் என்றாய். பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார், சொந்த வீட்டுச் சரித்திரத்தை எழுத மறுக்கிறான் என்று அவருக்குக் கோபம். வேறு யார் எழுதியது என்று கடைசி வரை அவர் சொல்லவில்லை. உன்னிடம் படித்த ஒருவர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தார். மனுக் கொடுத்து நாலு வருஷம் கழித்து அவர் அந்தக் காகிதத்தை உனக்குக் காட்டியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை திருக்கோகர்ணத்திலிருந்து சைக்கிளில் வந்தாய். நான் கிணற்றடியில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, மனு ஒன் கையெழுத்து மாதிரி இருக்கே" என்றாய்.

"எனக்கு எதுக்குடா அந்த வேலை?" என்றேன். கை கடலையை உடைத்துக்கொண்டேதான் இருந்தது.

நான்தான் எழுதினேன், தம்பி. அண்ணன் வந்து, "ஒன் எழுத்து முத்து முத்தா இருக்கும், நீதான் எழுதணும்" என்று சொன்னவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'என் தகப்பனார் காலமானபோது நான் சிறுபிள்ளையாய் இருந்தபடியால், சிறிய தகப்பனார் தாற்காலிகமாய்ப் பார்த்து வந்தார்' என்று அண்ணன் பெயரில் எழுதினேன். நீ அப்போது மூக்கு ஒழுகுகிற பிள்ளை, உனக்குத் தெரியாது. எனக்கு அப்போது பதினாலு வயசு, எனக்குத் தெரியும். அண்ணனுக்கு இருபத்திரண்டு. மீசை வைத்திருந்தார். அவரேதான் சித்தப்பாவைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனார். "மூப்புல அடுத்தது நீங்கதானே சித்தப்பா" என்று அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். நம் வழக்கம் தகப்பனிடமிருந்து மகனுக்கு இல்லை. இரண்டு வீட்டிலும் சேர்த்து, வயசில் யார் மூத்தவரோ அவருக்கு. அண்ணன் முடிந்தால் தம்பி. ஒரு தலைமுறை முழுவதும் முடிந்தால்தான் அடுத்த தலைமுறையில் மூத்தவன்.

அப்படியே எழுதியிருந்தாலும் உரிமை அண்ணனுக்குத்தான் வந்திருக்கும். பிறகு ஏன் பொய் என்று கேட்பாய். அண்ணனுக்குப் பிறகு அது உன்னைவிட மூத்த ராமையாவுக்குப் போய்விடும் அல்லவா? அண்ணன் மகனுக்குத்தான் என் மூத்த மகளைக் கொடுத்தேன். அந்த மருமகன் வாந்திபேதியில் போய்விட்டார். மிஞ்சினவன் முத்தையா. அண்ணனுக்கு மகன் வயிற்றுப் பேரன், எனக்கு மகள் வயிற்றுப் பேரன். தகப்பன் வழி என்று எழுதினால் அண்ணனுக்குப் பிறகு நேராக முத்தையாவுக்கு வரும். என் பேரன் நடுக் கண்மாயில் நின்று மண் எடுத்துக் கொடுப்பதை நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் எழுதியது.

நான் இல்லை என்று சொன்னதும் நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அடுத்த சனிக்கிழமை வந்து, பேச்சோடு பேச்சாக ருஷ்ய தேசத்து ராஜாக்கள் கதையை ஆரம்பித்தாய். தெரிந்துகொண்டுதான் ஆரம்பித்தாயா? இன்றைக்கும் எனக்கு அது விளங்கவில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பெயரும் வருஷமும் சொல்லுவாய். எனக்குச் சனிக்கிழமை சனிக்கிழமையாக உறவுமுறை வைத்துச் சொன்னாய். அந்தப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை, அதனால் ஊரைச் சொல்லியே கூப்பிட்டோம். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் மங்கோலியர்கள் குதிரையில் வந்து அந்தத் தேசத்தை அடித்துப் பிடித்தார்கள். ஆனால் ராஜாக்களை எடுத்துவிடவில்லை. நீங்களே ஆண்டுகொள்ளுங்கள், வரி கட்டுங்கள், பெரிய பட்டம் யாருக்கு என்று எங்கள் கான்தான் சொல்லுவார் என்றார்கள். ராஜாக்கள் எல்லாரும் ஒரே வம்சத்துப் பங்காளிகள். அண்ணனுக்குப் பிறகு தம்பி, தம்பிகளுக்குப் பிறகு மூத்த அண்ணன் மகன். அவர்களுக்கும் மூப்புதான் வழக்கம். ஆனாலும் ஒவ்வொருவனும் மாசக்கணக்கில் பிரயாணம் பண்ணி, கானின் கூடாரத்துக்குப் போய், முழங்காலில் நின்று பட்டயம் வாங்கி வருவான். "கச்சேரி வாசல் அங்கயும் இருந்திருக்கு பாரு அக்கா" என்றாய்.

திவேர் என்ற ஊரின் ராஜா சித்தப்பா முறை. மாஸ்கோ ராஜா அண்ணன் மகன் முறை. மூப்புப்படி பட்டம் திவேர்க்காரருக்கு வந்தது. மாஸ்கோக்காரனின் தகப்பன் பெரிய பட்டத்துக்கு வராமலே செத்தவன், அப்படிப்பட்டவன் பிள்ளைக்கு அந்த வழக்கத்தில் பாத்தியதையே கிடையாது என்றாய். எனக்கு முத்தையா முகம் வந்து நின்றது. நம் வழக்கம் அவ்வளவு பொல்லாதது இல்லை, அவன் முறை வருகிற வரைக்கும் காத்திருந்தால் போதும். இருந்தாலும் அன்றைக்கு எனக்கு மாஸ்கோக்காரன் பக்கம்தான் மனசு சாய்ந்தது.

அவன் கானிடம் போய் வருஷக்கணக்கில் உட்கார்ந்தான். கானின் தங்கச்சியையே கட்டிக்கொண்டான். சித்தப்பாவின் பட்டத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு படையோடு வந்தான். சண்டையில் சித்தப்பாதான் ஜெயித்தார். ஆனால் அவர் சிறை பிடித்து வைத்திருந்த கானின் தங்கச்சி திவேரிலேயே செத்துப்போனாள். அதோடு போயிற்று. சித்தப்பாவைக் கான் வரவழைத்துக் கழுத்தில் மரப்பலகையை மாட்டி வைத்தான். கூட இருந்தவர்கள், குதிரை தயாராக இருக்கிறது, தப்பிவிடுங்கள் என்றார்கள். நான் ஓடினால் ஊரில் இருக்கிற என் ஜனங்கள் கதி என்ன என்று அவர் அசையவில்லை. கொன்றுவிட்டார்கள்.

உடம்பு துணியில்லாமல் கிடந்ததாம். அதைக் குதிரை மேல் இருந்து மாஸ்கோக்காரன் பார்த்துக்கொண்டு நின்றானாம். கானின் ஆள் ஒருவன், சித்தப்பாவைக் கெடுத்த கூட்டத்தில் அவனும் ஒருவன், அவனுக்கே பொறுக்காமல், இவர் உனக்கு மூத்தவர், தகப்பன் மாதிரி, இப்படியா போட்டு வைப்பாய் என்று கேட்டானாம். அப்புறம்தான் யாரோ ஒருவருடைய அங்கியை எடுத்து மூடினார்கள். நீ அதைச் சொல்லி நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கடலைத் தோலைப் பொறுக்கினாய். என் மனசு திவேர்ப் பக்கம் வந்துவிட்டது என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு செத்தவர் மகன் அதே கூடாரத்தில் வைத்து மாஸ்கோக்காரனைக் கொன்றதும், அவனைக் கான் கொன்றதும், மாஸ்கோக்காரனின் தம்பி திவேர்க் கோயிலின் பெரிய மணியை இறக்கித் தன் ஊருக்குக் கொண்டுபோனதும் சொன்னாய். "சாமி மணியையுமாடா விடல? அப்புறம் என்ன ஆச்சு?" என்றேன். "அடுத்த சனிக்கிழமை சொல்றேன்" என்று சைக்கிளில் ஏறினாய். அடுத்த சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த சனிக்கிழமை நீ இல்லை.

உன்னைத் தூக்குகிறபோது நடந்தது உனக்குத் தெரியாது. அண்ணன் தலைமாட்டில் நின்றார். ராமையாவை யாரும் கூப்பிடவில்லை. அவன் வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தான். தூக்கும்போது தானாக வந்து தோள் கொடுத்தான். அண்ணன் பக்கத்துத் தோளில் இருந்துகொண்டே அவன் பக்கம் திரும்பவில்லை. நான் வாசலில் விழுந்து அழுதேன். எல்லாரும் தம்பி போன துக்கம் என்று நினைத்தார்கள். பாதி அதுதான். மீதி, உன்னிடம் இல்லை என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு எத்தனை சனிக்கிழமை இருந்தது!

இப்போது நாட்டுச் சேதி. வெள்ளைக்காரன் போய்விட்டான், தம்பி. இந்த வருஷம் நம் சமஸ்தானமும் போய்விட்டது. நம்மைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். அதைக் கேட்டவுடன் நம் பங்காளிகள் செய்த காரியத்தை முத்தையா வந்து சொன்னான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் அண்ணன் ஏறினாராம், மடியில் மனுக்கட்டு. அடுத்த நிறுத்தத்தில் ராமையா, அவன் மடியிலும் ஒரு கட்டு. புதிதாக வந்திருக்கிற கலெக்டரை யார் முதலில் பார்ப்பது என்று இரண்டு பேருக்கும் போட்டி, ஆனால் பஸ் ஒன்றுதான். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு புதுக்கோட்டை வரைக்கும் வந்தார்களாம்.

"ரெண்டு பேரும் அவசரமாப் போகச் சொன்னாங்க அம்மாச்சி. ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தரை எப்படி நான் சீக்கிரம் கொண்டுபோறது?" என்று சிரித்தான்.

அங்கிருந்து ரயிலில் திருச்சி போய், சமஸ்தானத்து வழக்குக் கட்டு இன்னும் எங்கள் ஆபீசுக்கு வரவில்லை, வந்ததும் சொல்லியனுப்புகிறோம் என்ற பதிலை இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். கான் போய் வேறு கான் வந்ததும் பட்டயத்தைப் புதுப்பிக்க ஓடுவார்கள் என்று நீ சொன்னாயே, நான் அதை நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனுக்கட்டில் என் எழுத்தும் அல்லவா திருச்சிக்குப் போகப்போகிறது?

கமலா லீவுக்கு வந்திருந்தாள். ருஷ்ய ராஜாக்கள் கதை மணியோடு நின்றுபோயிற்றே, மிச்சம் தெரியுமா என்று கேட்டேன். காலேஜ் லைப்ரரியிலிருந்து தடியாக ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் கொண்டுவந்திருந்தாள். வாசித்துத் தமிழில் சொன்னாள். நீ சொல்லாமல் விட்டதை இப்போது நான் உனக்குச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்திருந்தாலும் கேள்.

மணி போய் நூற்று நாற்பது வருஷம் கழித்து, மாஸ்கோ ராஜா ஒருவன் இனிக் கானுக்கு அடங்க மாட்டேன் என்று நின்றான். கான் படையோடு வந்துவிட்டான். அந்தச் சமயம் பார்த்து ராஜாவின் தம்பிகள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறியிருந்தார்கள். செத்துப்போன ஒரு சகோதரனின் பங்கை அண்ணன் ஒருத்தனே எடுத்துக்கொண்டான் என்று அவர்களுக்கு ஆத்திரம். அப்போது அவர்களைப் பெற்ற தாய், துறவு வாங்கின கிழவி, நடுவில் பேசினாள். அண்ணன் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான், தம்பிகள் படையோடு வந்து சேர்ந்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பங்காளிகள், அந்தப் பக்கம் கான். வாரக்கணக்கில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பெரிய சண்டையே நடக்கவில்லை. பனிக்காலம் வந்தது. கான் திரும்பிப் போய்விட்டான்.

எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போல இருந்தது. கமலா புஸ்தகத்தை மூடப் பார்த்தாள். அடுத்த பக்கத்தில் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள்.

"பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு அதே அண்ணன் ஒரு தம்பியைச் சிறையில போட்டுட்டாரு அம்மாச்சி. அவரு அங்கயே செத்துப்போனாரு."

அன்று முழுவதும் அதுவே மனசில் கிடந்தது. அந்தத் தாய் அழுது பேசிச் சேர்த்து வைத்தாள், சரி. ஆனால் யாருக்கு எப்போது எது என்ற முறை ஒன்று நிற்கவில்லை. அவள் போனதும் அவள் பேச்சும் போய்விட்டது. நானும் போய் அழுது இரண்டு பேரையும் சேர்த்து வைக்கலாம். நான் செத்த மறுநாள் மறுபடியும் மனுக்கட்டோடு பஸ் ஏறுவார்கள். பேச்சு போதாது. எழுத்தால் கெடுத்ததை எழுத்தால்தான் திருப்ப வேண்டும்.

அதற்கு முன்னால் முத்தையாவைக் கேட்க வேண்டியிருந்தது. நான் எழுதப்போவது அவனுக்கு வர இருந்ததைத் தள்ளிப்போடுகிறது. பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் மனு எழுதின கதையை முழுவதும் சொன்னேன். மூப்புப்படி போனால் பெரியப்பா சித்தப்பா முறைக்காரர்கள் எல்லாரும் முடிந்து உன் கைக்கு வரும்போது உனக்குப் பல் இருக்காது என்றேன். வாளியைக் கீழே வைத்தான்.

"பாரசீகத்துல கணவாய்ல முன்னூறு வண்டி வரிசையில நிக்கும் அம்மாச்சி. முந்தினவன் வண்டியோட பள்ளத்துல கெடப்பான். எனக்கு முன்னாடி நாலு பேருதானே? நின்னு போறேன்."

பெருமைப்படுவதற்கு இவ்வளவு வருஷம் நான் கண்மாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பி. அவன் பஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

வீட்டுக்கு ஒன்றாக, ஒரே மாதிரி இரண்டு காகிதம் எழுதினேன். 'முந்திய மனுவை எழுதியவள் நான். அதில் அண்ணன் சிறுபிள்ளை என்று எழுதியது பொய். வழக்கம் மூப்பு வழக்கம். நான் கண்ணால் கண்டேன்' என்று எழுதி, இரண்டு வீட்டு ஆண்பிள்ளைகளின் பெயரையும் வயசு வரிசையாக எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். முதலில் மேல வீட்டுக்குப் போனேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார்.

"யாரு இதை எழுதச் சொன்னது?"

"அதை நீங்க சொன்னீங்க. இதை யாரும் சொல்லல."

"அன்னைக்கு எழுதறப்ப ஒனக்குப் புத்தி எங்க போச்சு?"

"ஒங்க வீட்டுலதான் இருந்துச்சு. இப்பத்தான் எங்க வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. ஊருக்கு முன்னால் என்னைப் பொய்யனாக்குகிறாயா என்றார். நானும்தான் பொய்க்காரி ஆகிறேன், கூட ஆள் இருக்கிறது என்றேன். ஐந்தாம் வகுப்புக்காரி சட்டம் பேசுகிறாள் என்றார். அங்கே நின்றிருந்த முத்தையாவைக் காட்டி, இந்தப் பிள்ளைக்காகத்தானே எல்லாம் என்றார். அவனைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன், நீங்களும் கேளுங்கள் என்று காகிதத்தை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சிதம்பரத்துக்குத் தெரியுமா, நீதான் எழுதினேன்னு?"

என்னால் திரும்ப முடியவில்லை. "இல்லைன்னு சொல்லிட்டேண்ணே" என்றேன்.

பின்னால் காகிதம் மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எங்கிட்டயும் கேட்டான். நானும் இல்லைன்னுதான் சொன்னேன்" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கீழ வீட்டில் ராமையா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று நானே வாசித்தேன். கையில் தவிட்டோடு அப்படியே நின்றான். அவனைப் பெற்ற சித்தி உள்ளேயிருந்து, படிக்கிறதை வாங்கி வைத்துக்கொள், அவள் மாற்றிப் பேசுவாள் என்று சத்தம் போட்டது. கிழவிக்குத் தொண்ணூறு வயசு, நாக்குக்கு மட்டும் இருபது.

"அக்கா, எங்க மனுவுலயும் ஒண்ணு இருக்குங்க" என்றான் ராமையா. "தாத்தா எங்கப்பாவுக்குத்தான் தனியா எழுதி வச்சதா எழுதினோம். அப்படி ஒரு ஓலையும் கிடையாது."

"அப்ப என்னடா செய்யலாம்?"

"அண்ணன் கொடுக்கட்டும். எனக்கு அதுல வருத்தமில்லீங்க. ஆனா ஏழு வருசமா என்னை அவரு 'கீழ வீட்டான்'னுதான் சொல்றாரு. எனக்கு எங்கப்பா ஒரு பேரு வச்சிருக்காரு."

அவன் கேட்டது இவ்வளவுதான். இதை நான் அண்ணனிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லி வரவழைக்கிற வார்த்தையில் என்ன இருக்கிறது? மனுவை இரண்டு பேரும் வாபஸ் வாங்குவதாக ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முத்தையாதான் வீட்டுக்கு வீடு கொண்டுபோனான். சித்திரையில் நாள் பார்த்தார்கள். ராமையா வருவானோ மாட்டானோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குக் காலையில் ஊரே கண்மாயில் நின்றது. தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. கீழ வீட்டுக்காரர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள், இறங்கவில்லை. அண்ணன் குனிந்து மண்ணை எடுத்தார். வேளார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையை ஏந்தி நின்றார். அண்ணன் கொடுக்கவில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டே கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது, மறுபடியும் என்ன வம்போ என்று.

"ராமையா, அங்க என்னடா நிக்கிறே? அடுத்த தரம் நீ எடுக்கணும். எப்படின்னு வந்து பாரு" என்றார்.

ராமையா வேட்டியை மடித்துக் கட்டாமலே சேற்றில் இறங்கி வந்தான். பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் மண் கை மாறியது.

நேற்று வேளார் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குதிரைக்குக் கால்கள் முடிந்திருக்கின்றன. உடம்பு இல்லாமல் நாலு கால் மட்டும் வெயிலில் நின்று காய்கிறது. காய்ந்தால்தான் மேலே வயிறு வைப்பாராம், பிறகு கழுத்து, தலை. அவசரப்பட்டால் கால் நொறுங்கிவிடும் என்றார். ஆனியில் புரவி எடுப்பு. நாலு காலைப் பார்த்ததற்கே எனக்கு முழுக் குதிரையைப் பார்த்த சந்தோஷம்.

தம்பி, நீ கேட்ட அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு ஊர் அறியச் சொல்லிவிட்டேன். ஆமாம், அது என் கையெழுத்துதான். இனிமேல் என் பேனாவால் ஒரு பொய்யும் எழுத மாட்டேன். எழுதி வைத்த மூப்பு வரிசையை வருஷம் ஒரு தரம், பேரன் பேத்தி எல்லாரையும் உட்கார வைத்து, என் வாயால் படித்துக் காட்டுவேன். என் கண் மங்கினால் கமலா படிப்பாள். இது உனக்கு நான் செய்கிற சத்தியம்.

அந்த வரிசையில் முதல் பெயர் அண்ணன். இரண்டாவது ராமையா. அந்தத் தலைமுறை அதோடு சரி. அடுத்த தலைமுறையில் இரண்டு வீட்டுக்கும் மூத்தவன் யார் தெரியுமா? ராமையா மகனைவிட எட்டு மாசம் பெரியவன், உன் மகன். அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். மலாயாவில் இருக்கிறவன் எப்படி வந்து மண் எடுத்துக் கொடுப்பான் என்று சித்தி கேட்டது. ராமையாதான் பதில் சொன்னான்: "கப்பல் எதுக்கு இருக்கு?"

சுந்தரம், இந்தப் பத்திரிகை பினாங்கு வரைக்கும் வருகிறது என்கிறார்கள். வந்து உன் கண்ணில் பட்டால், அத்தை கேட்பது ஒன்றுதான். எங்களிடம் இருக்கிற உன் படம் நீ கப்பல் ஏறுமுன் எடுத்தது, மீசை அரும்புகிற பையன். பிடிமண் கொடுக்கப்போகிறவன் முகத்தை ஊர் தெரிந்துகொள்ள வேண்டாமா? காடும் பட்டினியும் உன்னை எப்படி மாற்றியிருந்தாலும் பரவாயில்லை, இளைத்திருந்தால் இளைத்தபடியே ஒரு புதுப் படம் எடுத்து, ஆனிக்கு முன்னால் தபாலில் போட்டுவிடு.

உன்னிடம் ஒளித்ததை எல்லாம் சொல்லி முடித்துவிட்ட,
உன் அக்கா,
வெள்ளையம்மாள்